தாமிரபரணி கடைமடைக் கிராமங்களுக்கு வெள்ள எச்சரிக்கைக் கூட்டுப் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்:
தாமிரபரணி கடைமடைப் பாசன விவசாயிகள்,
ஸ்ரீவைகுண்டம் மற்றும் ஏரல் வட்டங்கள்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் பல துறை அலுவலர்களுக்கும் கிராமப் பொறுப்பாளர்களுக்கும் ஒரே இடத்தில் வெள்ள எச்சரிக்கைப் பயிற்சி நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலை அறுத்துக்கொண்டு போனது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் தண்ணீர் புகுந்தது. நிவாரணம், கரை சீரமைப்பு குறித்து முன்பே மனு கொடுத்திருக்கிறோம். அவற்றை இதில் கலக்கவில்லை. வானிலை எச்சரிக்கை நேரத்துக்கு வந்ததா, தாமதமா என்று அப்போது எழுந்த வாதத்துக்குள்ளும் போகவில்லை. வருகிற எச்சரிக்கை ஊருக்குள் வந்து என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் கவலை.

மழைக்காலத்தில் எங்கள் கைபேசிக்கு வரும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: அணையிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். கன அடிக் கணக்கு பொறியாளருக்குப் புரியும். எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. தண்ணீர் படித்துறையில் எத்தனையாவது படி வரை ஏறும்? தென்கால் வாய்க்காலின் கரை தாங்குமா? மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்ட எத்தனை மணி நேரம் இருக்கிறது? இதற்குப் பதில் சொல்லும் எச்சரிக்கை எங்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

அணைத் திறப்பை மட்டும் வைத்து இந்தப் பதிலைச் சொல்லவும் முடியாது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்குக் கீழே பச்சையாறு சேர்கிறது. சீவலப்பேரியில் சிற்றாறு வந்து விழுகிறது. 2023-ல் அதற்கும் மேலாக, சமவெளியிலேயே வானம் பிளந்தது. அணையில் ஷட்டரை இறக்கி வைத்திருந்தாலும் குளங்களுக்கு ஆபத்து இருந்திருக்கும். 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் அந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு, இதற்கு மேல் ஏறாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் இருந்த ஒரே அளவுகோல் அதுதான்.

தேவையான விவரம் எல்லாம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஆளுக்கொரு துண்டாக. மழைக் கணிப்பு வானிலை ஆய்வு மையத்திடம். எங்கள் ஊர்களுக்கு மேலே உள்ள முறப்பநாட்டில் ஆற்றின் அளவு மத்திய நீர் ஆணையத்திடம். மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் நிலவரம் நீர்வளத் துறையிடம். எந்தக் குளத்தின் கரையில் எந்த இடத்தில் கசிவு உண்டு என்பது மடை பார்க்கும் லஸ்கருக்கும் எங்களுக்கும்தான் தெரியும். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது கிராம உதவியாளருக்குத் தெரியும். இவர்கள் அனைவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியதாக எங்களுக்கு நினைவில்லை. அணைகள் நெல்லை மாவட்டத்தில், கடைமடை நம் மாவட்டத்தில் என்பது இந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்குகிறது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காக சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பை தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், ஐஐடிகள், அண்ணா பல்கலைக்கழகம், வானிலைத் துறை எனப் பலரும் சேர்ந்துதான் உருவாக்கினார்கள். தாமிரபரணிக்கும் அப்படி ஒன்று வரட்டும். அதற்குக் காலமும் பணமும் வேண்டும் என்பது தெரியும். பயிற்சிக்கு அவ்வளவு ஆகாது.

ஆகவே, வரும் செப்டம்பருக்குள் இரண்டு நாள் கூட்டுப் பயிற்சி ஒன்றை நடத்தித் தர வேண்டுகிறோம். மேலே சொன்ன துறையினருடன் வருவாய், தீயணைப்பு, மின்வாரிய அலுவலர்களும், ஊராட்சிச் செயலர்களும், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தினரும் அதில் இருக்க வேண்டும். நெல்லை மாவட்ட அலுவலர்களும் கட்டாயம் வர வேண்டும். திருச்சி துவாக்குடியில் உள்ள பாசன மேலாண்மைப் பயிற்சி நிறுவனத்திடம் பயிற்றுநர்களைக் கேட்கலாம். இடத்துக்குக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி வசதியாக இருக்கும்.

பயிற்சி முடியும்போது கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். முறப்பநாட்டில் இந்த அளவு வந்தால் ஏரலில், ஆத்தூரில், புன்னைக்காயலில் எந்த அடையாளம் வரை தண்ணீர் வரும், எத்தனை மணி நேரத்தில் வரும் என்று ஊர்வாரியாக ஒரு பக்க அட்டை. படித்துறையிலும் பாலத் தூணிலும் அதே அளவுகளைப் பெயின்டால் குறித்துவிட்டால் பள்ளிப் பிள்ளைகூடப் படித்துச் சொல்லும்.

இரண்டாம் நாள் ஒத்திகையைக் கைபேசி இல்லாமல் நடத்த வேண்டும். 2023-ல் மின்சாரம் போய், டவரும் போன பிறகு அரசின் பேரிடர் எச்சரிக்கைச் செயலியான டிஎன்-ஸ்மார்ட்டும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணும் இருந்தும் எங்களுக்கு எட்டவில்லை. வயர்லெஸ் செய்தி யாரிடம் வரும், அங்கிருந்து கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிக்கு யார் கொண்டுபோவார், ஒலிபெருக்கிக்கு பேட்டரி இருக்கிறதா என்பதை எல்லாம் வெயில் காலத்திலேயே செய்து பார்த்துவிட வேண்டும்.

அலுவலர்கள் மாறுதலாகிப் போவது வழக்கம் என்பதால், ஆண்டுதோறும் இதை நடத்தும்படி நிரந்தர உத்தரவாகப் பிறப்பிக்கவும் கேட்டுக்கொள்கிறோம். குளக்கரைகளின் பலவீனமான இடங்களை நேரில் காட்ட எங்கள் ஆட்கள் எந்த நாளும் வருவார்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இம்மனுவின் மீதான நடவடிக்கையைத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாமிரபரணி கடைமடைப் பாசன விவசாயிகள்

இடம்: ஏரல்

நகல்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருநெல்வேலி.