வாசிப்பு நேரத்தை மாணவர்களுக்கே திருப்பித் தர வேண்டி ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
பினாங்கு.

அனுப்புநர்:
தேசிய இடைநிலைப்பள்ளி மதியப் பிரிவு மாணவர்களின் பெற்றோர்.

பொருள்: படிவம் 1, படிவம் 2 (13, 14 வயது) வகுப்புகளில் நாள்தோறும் 15 நிமிடச் சுயவாசிப்பு தடையின்றி நடைபெற ஆவன செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து நாங்கள் முன்பு அளித்த மனுக்களின் பிரதிகள், தங்கள் அலுவலகத்தின் வரவு முத்திரையோடு எங்கள் கோப்பில் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் வரவில்லை. தங்களுக்குப் பணிச்சுமை மிகுதி என்பதை உணர்ந்தே இந்த மனுவையும் பணிவுடன் சமர்ப்பிக்கின்றோம். தாங்கள் தமிழறிந்தவர் என்பதால் தமிழில் எழுதியுள்ளோம். கோப்புக்காக மலாய் வடிவமும் இணைக்கப்பட்டுள்ளது.

எங்கள் வட்டாரம் தாங்கள் அறியாதது அன்று. பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்கள். பெற்றோரில் பலர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை செய்பவர்கள். இரவு வேலை முடித்த தகப்பனார் பகலில் உறங்கும் அறையிலேயே மகள் வீட்டுப்பாடம் எழுத வேண்டும். கூடத்தில் தொலைக்காட்சி ஓடும். மாநிலப் பொது நூலகத்தின் தலைமையகமோ பாலத்துக்கு அப்பால் செபராங் ஜெயாவில் இருக்கிறது. வீட்டிலேயே வாசிக்கச் சொல்லுங்கள் என்று எங்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. கூறியவர் எங்கள் வீடுகளைப் பார்த்திருந்தால் அப்படிக் கூறியிருக்க மாட்டார். இப்பிள்ளைகள் அமைதியாக அமர்ந்து ஒரு புத்தகம் வாசிப்பதற்கு வாய்த்த ஒரே இடம் வகுப்பறைதான்.

எனவே பின்வருவனவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகின்றோம்.

1. பீசா (PISA) எனும் அனைத்துலக மாணவர் மதிப்பீட்டில் நம் மலேசிய நாட்டு 15 வயது மாணவர்கள் வாசிப்பில் 2018-ஆம் ஆண்டு பெற்ற 415 புள்ளிகள், 2022-இல் 388 ஆகக் குறைந்தன. இது தங்களுக்குத் தெரிந்ததே.

2. பள்ளியின் கால அட்டவணையில் மதியப் பிரிவின் தொடக்கத்தில் 15 நிமிடங்கள் வாசிப்பு நேரம் என்று அச்சிடப்பட்டுள்ளது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு பார்த்தால் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை சபைகூடல் நீண்டு அந்த நேரத்தை விழுங்கிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை முடி, நகம், காலணி, சீருடைப் பட்டை ஆகியவற்றின் சோதனை நடக்கிறது. புதன்கிழமை காலையில் புறப்பாட நடவடிக்கைகளுக்கு வந்த பிள்ளைகள், வியர்த்த சட்டையை மாற்றிக்கொண்டு சிற்றுண்டிச்சாலையிலிருந்து வகுப்புக்கு வந்து சேருவதற்குள் முதல் பாடவேளைக்கு மணி அடித்துவிடுகிறது. வியாழக்கிழமை கட்டணம் வசூலிப்பதும், காப்புறுதிப் படிவங்களைத் திரும்பப் பெறுவதும், வராதவர் பெயரைக் குறிப்பதும் அந்த 15 நிமிடங்களில்தான் நடக்கின்றன. வெள்ளிக்கிழமை தொழுகையை முன்னிட்டு வகுப்பு தாமதமாகத் தொடங்குவது முறையே. அதை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் அன்று சுருக்கப்படும் அட்டவணையில் கணிதமும் அறிவியலும் சில நிமிடங்களே குறைய, வாசிப்பு மட்டும் அடியோடு நீக்கப்படுகிறது. போட்டி ஒத்திகை, விளையாட்டுப் போட்டிக்கான அணித் தேர்வு, விருந்தினர் வருகைக்கு முன் வகுப்பறையைத் துப்புரவு செய்தல் என்று எது வந்தாலும் அதற்கு நேரம் இங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. இவை எதுவும் குறுக்கிடாத ஒன்றிரண்டு நாட்களிலும் ஒலிபெருக்கி ஓய்வதில்லை. கார் விளக்கு எரிகிறது என்றும், யாரோ அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றும் அறிவிப்பு வரும்; ஒவ்வோர் அறிவிப்புக்கும் முப்பதுக்கு மேற்பட்ட தலைகள் புத்தகத்திலிருந்து நிமிரும். ஒரு பக்கத்தை இடையில் விட்டுவிட்டு மீண்டும் அதனுள் நுழைவது வாசிப்பில் பழகியவருக்கே கடினம் என்றால், மூன்று மொழிகளுக்கு இடையில் தடுமாறும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படி இயலும்?

ஓர் ஆசிரியை மட்டும் வகுப்பின் கதவைச் சாத்திவிட்டு, தாமும் ஒரு புத்தகத்தோடு பிள்ளைகளுடன் அமர்ந்து வாசித்து வந்தார். அந்த வகுப்புப் பிள்ளைகள் சில வாரங்களிலேயே வீட்டுக்கு வந்து புத்தகம் வாங்கித் தரும்படி கேட்கத் தொடங்கினார்கள். படக்கதை கேட்டார்கள், கால்பந்து வீரர் வரலாறு கேட்டார்கள், பேய்க்கதையும் கேட்டார்கள். அந்த ஆசிரியை காலைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அதோடு அந்த வகுப்பிலும் வாசிப்பு நின்றுபோயிற்று. ஒரு பழக்கம் தனிமனிதர் ஒருவரின் பிடிவாதத்தை நம்பி நிற்கக் கூடாது, பள்ளியின் ஒழுங்காகவே அமைய வேண்டும் என்பதற்காகத்தான் தங்களை அணுகுகின்றோம்.

3. நிலாம் (NILAM) எனும் வாசிப்புத் திட்டத்தையும், வாசித்த புத்தகங்களைப் பதிவிடும் ஐன்ஸ் (AINS) இணையப் பதிவையும் நாங்கள் எதிர்க்கவில்லை. ஆயினும், வாசிக்க நேரம் தராமல் வாசித்த புத்தகங்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்பது, இலை போடாமலே விருந்து சாப்பிட்டதாகக் கையெழுத்து வாங்குவது போன்றது. இணையத்தில் கிடைக்கும் கதைச் சுருக்கத்தை நகலெடுத்துப் பதிவிடப் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எண்ணிக்கை ஏறுகிறது. தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்படும் அறிக்கையிலும் அந்த எண்ணிக்கையே இருக்கக்கூடும்.

4. இரண்டு பிரிவுகள் ஒரே வகுப்பறையைப் பயன்படுத்துவதால், மதியப் பிள்ளைகளின் புத்தகங்களை அங்கே விட்டுவைக்க இடமில்லை. பள்ளி நூலகமான வள மையமோ பெரும்பாலும் காலையில்தான் திறந்திருக்கிறது. வகுப்புக்கு ஒரு தள்ளுவண்டியும் அதில் மலாய், ஆங்கில, தமிழ்ப் புத்தகங்களும் இருந்தால் போதும். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப வள மையத்துக்குக் கிடைக்கும் தலைவீத மானியத்தில் ஒரு பகுதியை, பிள்ளைகளையே கேட்டுப் புத்தகம் வாங்கச் செலவிடலாம். கல்விச் சட்டம் 1996-இன்படி 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்த வழியிருக்கிறது. அவ்வாறு தமிழ் படிக்கும் பிள்ளைக்குப் பாடநூலுக்கு வெளியே ஒரு தமிழ்க் கதைப் புத்தகமாவது கைக்கு எட்ட வேண்டாமா?

5. இது புதுமையான கோரிக்கை அன்று. ஜப்பானில் சிபா மாநில உயர்நிலைப்பள்ளி ஒன்றில் 1988-இல் தொடங்கிய காலை வாசிப்பு, பின்னர் அந்நாடு முழுவதும் பரவியது. அங்கே நாள்தோறும் 10 நிமிடங்கள். எல்லாரும் வாசிக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் வாசிக்க வேண்டும், பிடித்த புத்தகத்தை வாசிக்கலாம், வாசித்தால் மட்டும் போதும் என்ற நான்கே விதிகள். மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. மாணவரைச் சும்மா வாசிக்க விட்டாலே வாசிப்புத் திறன் உயரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. ஆகையால்தான், ஆசிரியர் நாளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளின் அருகில் சென்று, எந்த இடத்தில் இருக்கிறாய், ஏன் பிடித்திருக்கிறது, கடினமாக இருந்தால் வேறு புத்தகம் மாற்றித் தரவா என்று தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும் என்கிறோம். பயிற்சித்தாள் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடவும் பிள்ளைக்கு உரிமை வேண்டும்.

6. படிவம் 3 மாணவர்களுக்கான பி.டி.3 (PT3) தேர்வு 2022-இல் நீக்கப்பட்டபோது கீழ்ப் படிவங்களில் இனி வாசிப்புக்கு நேரம் கிடைக்கும் என்று நம்பினோம். ஐயா, அந்த நேரம் எங்கே போயிற்று? நாங்கள் கட்டடம் கேட்கவில்லை. குளிர்சாதன வசதி கேட்கவில்லை. அட்டவணையில் ஏற்கெனவே அச்சிடப்பட்டுள்ள 15 நிமிடங்களைக் கேட்கிறோம். அதைக் கேட்பதற்கே இத்தனை மனுக்களா? பள்ளியில் கேட்டால் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்கிறார்கள். மேலிடத்தில் கேட்டால் அது பள்ளியின் உள்விவகாரம் என்கிறார்கள். அதற்குள் படிவம் 1-இல் இருந்த பிள்ளைகள் படிவம் 2 முடிக்கப் போகிறார்கள்.

வார்த்தைகளில் கடுமை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம். வாசிப்பு நேரத்தில் சோதனை, வசூல், ஒத்திகை, ஒலிபெருக்கி அறிவிப்பு எதுவும் கூடாது என்று பள்ளி முதல்வர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு வேண்டுகிறோம். அந்த நேரம் தொடங்கும்போது, முன்னறிவிப்பின்றி ஒருமுறை, மதியப் பிரிவுக்கு நேரில் வருமாறும் வேண்டுகிறோம். அடுத்த தவணை தொடங்கும் முன்பாக எழுத்து மூலம் பதில் தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இயலாது என்பதே முடிவாயின், அதையாவது காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மதியப் பிரிவு மாணவர்களின் பெற்றோர்,
பினாங்கு.

இணைப்பு: மனுவின் மலாய் வடிவம், முந்தைய மனுக்களின் பிரதிகள், கால அட்டவணை நகல், பெற்றோர் கையொப்பப் பட்டியல்.