செயற்பாடுகள் பகுதி நிரப்பும் பிள்ளைகளுக்கு (திருகோணமலைக் குழு)

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் அப்ளிகேஷனில், பாடத்துக்கு வெளியே செய்யும் செயற்பாடுகளுக்கு 10 இடம்தான். முக்கியமானது முதலில் வரட்டும். பதவிக்கு 50, அமைப்பின் பெயருக்கு 100, விவரத்துக்கு 150 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. ஆகவே பதவியை விவரத்தில் திரும்ப எழுத வேண்டாம். தமிழ்த்தினப் போட்டியில் 'மாகாண மட்டம் 2ஆம் இடம்' என்றால் அங்கே விண்ணப்பத்தை வாசிப்பவருக்கு விளங்காது. 'கிழக்கு மாகாணம், 3 மாவட்டங்கள்' என்று சேருங்கள்.

தம்பி தங்கையைப் பராமரிப்பது, அப்பாவின் மீன் வியாபாரத்தில் உதவுவது எல்லாம் எழுதலாம். குடும்பப் பொறுப்புக்கெனத் தனிப் பிரிவே உண்டு. எங்கட பிள்ளைகள் இதை எழுதாமல் விடுவதுதான் பெரிய இழப்பு.

வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கும். பயிற்சி 6 வாரம் மட்டுமென்றால் 6 என்றே போடுங்கள். பாடசாலை நாட்களில் எல்லாம் கூட்டி வாரம் 60 மணித்தியாலம் வந்தால் நம்பமாட்டார்கள்.