பன்னிரண்டு மணி பஸ்

அன்புள்ள மாடசாமிக்கு,

நீ அனுப்பின மூன்று வாய்ஸ் மெசேஜும் கேட்டேன். பதில் பேசலாம் என்று போனை எடுத்தால் பக்கத்தில் மாப்பிள்ளையோ பேத்தியோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காதில் விழக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்தாறு வருஷம் ரயில் கார்டாக ஓடி, ஒரு நாள்கூட டூட்டிக்கு சைன்-ஆன் பிந்தாத நான், போன மாதம் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் இல்லை, ஐந்து மணி நேரத்தில். கோமதியிடம் வழியில் ஊர் பார்க்க ஆசைப்பட்டு ஒரு நாள் கூடுதலாகத் தங்கினதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் கேட்டால் நீயும் அப்படியே சொல்லு.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

டான்சானியாவின் தார் எஸ் சலாமுக்கு வந்த ஒரு மாதத்திலேயே எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி பள்ளிக்கூடம் போய்விடும், நான் பால்கனியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டியதுதான். ரோட்டில் ஓடுவதெல்லாம் நம்மூர் ஆட்டோ. இங்கே அதற்குப் பேரே 'பஜாஜி'. மினி பஸ்ஸுக்கு டாலாடாலா என்று பேர், அதில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிடுகிறவன் 'கொண்டா', அதாவது நம்ம கண்டக்டர். லட்சத்தை 'லாக்கி' என்கிறார்கள், காசு 'பெசா', சப்பாத்தி சப்பாத்தியேதான். வெளிநாட்டுக்கு வந்த மாதிரியே இல்லை, தென்காசி பஸ் ஸ்டாண்டில் பாஷை புரியாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை பேச்சுவாக்கில் தசாரா ரயிலைப் பற்றிச் சொன்னார். நம்ம தசரா இல்லை, டான்சானியா சாம்பியா ரயில்வே என்பதன் சுருக்கம். தார் எஸ் சலாமிலிருந்து சாம்பியாவின் கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர், உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால் சென்னையிலிருந்து குவாலியர் வரைக்கும். சீனாக்காரர்கள் 1970-ல் ஆரம்பித்து 1975-லேயே தண்டவாளம் போட்டு முடித்துவிட்டார்கள். சாம்பியாவுக்குக் கடல் கிடையாது, இருக்கிற செம்பில் பெரும்பகுதியைத் தெற்கே ரொடீசியா, அதாவது இன்றைய ஜிம்பாப்வே வழியாகத்தான் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். 1965-ல் அங்கே இருந்த வெள்ளைக்காரச் சிறுபான்மை தாங்களே சுதந்திரம் அறிவித்துக்கொண்டு உட்கார்ந்ததும், அவர்கள் தயவில் பிழைக்கக்கூடாது என்று சாம்பியாவின் கவுண்டாவும் டான்சானியாவின் நியரேரேயும் வடக்கே ஒரு லைன் கேட்டார்கள். மேல்நாடுகளும் உலக வங்கியும் கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிட்டன. அப்போதைய சீனா ஒன்றும் பணக்கார நாடு இல்லை, ஆனாலும் வட்டியில்லாக் கடன் கொடுத்து, ஆயிரக்கணக்கில் ஆளையும் அனுப்பியது. வேலையில் செத்துப்போன சீனாக்காரர்களுக்கு தார் எஸ் சலாம் பக்கத்திலேயே தனிக் கல்லறை இருக்கிறது. அந்த இரண்டு தலைவர்களும் பழைய பள்ளிக்கூட வாத்தியார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். நியரேரேயை இன்றைக்கும் 'வாத்தியார்' என்றுதான் சொல்கிறார்கள், ம்வாலிமு.

இதெல்லாம் கேட்ட பிறகு நான் போகாமல் இருப்பேனா? கோமதி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் முறுக்கு சுட ஆரம்பித்தாள், சம்மதம் என்று புரிந்துகொண்டேன்.

முதல் வகுப்பில் நான்கு படுக்கை உள்ள அறை. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, முழு அறையையும் எடுத்தால்தான் குடும்பமாகப் போகலாம். என்னோடு ஒரு மர வியாபாரி, ஒரு மாணவன், அப்புறம் பேசவே பேசாத ஒருவர். மாணவன் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து "ஷிகாமூ" என்றான். பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும், "காலைப் பிடிக்கிறேன்" என்று அதற்கு அர்த்தமாம். "மரஹபா" என்று நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். பேத்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். காலைத் தொடாமலே கும்பிட்டு முடிகிறது, முதுகு வலிக்காரர்களுக்கு நல்ல ஏற்பாடு.

கேஜ் என்ன, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே எவ்வளவு அகலம் என்று நீ கேட்பாய் என்று தெரியும். 1,067 மில்லிமீட்டர். நம்ம பழைய மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர் அகலம், தெற்கு ஆப்பிரிக்கா முழுக்க அதுதான். டான்சானியாவின் பழைய லைன் நம்மூர் மாதிரியே சுத்தமான மீட்டர் கேஜ், அதனால் ஒரே ஊரில் இரண்டு ரயில்வே, ஒன்றின் வண்டி இன்னொன்றில் ஏறாது. விருதுநகரில் நாம் பட்ட பாடு ஞாபகம் வந்தது.

சாயங்காலம் வண்டி காட்டுக்குள் நுழைந்தது. செலூஸ் என்று பேர், 2019-ல் அதில் ஒரு பெரிய பகுதியைப் பிரித்து நியரேரே தேசியப் பூங்கா என்று வைத்திருக்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கியை நான் சென்னை வண்டலூரில் பார்த்ததுண்டு. இங்கே நான்கு நிற்கிறது, லைனிலிருந்து நூறு அடி இருக்கும், வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி இலை தின்கிறது. எனக்கு அழகெல்லாம் பிறகுதான் தோன்றியது, முதலில் தோன்றியது 'இந்த செக்‌ஷனுக்கு மெதுவாகப் போகச் சொல்லி காஷன் ஆர்டர் உண்டா' என்பதுதான். மர வியாபாரி தலையைக்கூடத் திருப்பவில்லை, அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது நமக்கு எருமை மாதிரி.

ம்லிம்பா தாண்டியதும் மலை ஏற ஆரம்பிக்கிறது. ஏலே, அங்கே உன்னை நினைத்தேன். ம்லிம்பாவுக்கும் மகம்பகோவுக்கும் நடுவே ஒரே சுரங்கமும் பாலமும்தான், மொத்த லைனில் இருபதுக்கு மேல் சுரங்கம் என்றால் அதில் பெரும்பாலும் இங்கேதான். வண்டி மூச்சு வாங்கி வாங்கி ஏறுகிற சத்தம் அப்படியே நம்ம ஆரியங்காவு ஏற்றம். பகவதிபுரம் விட்டதும் பின்னால் பேங்கர் இன்ஜின் தள்ளுகிற அந்த ஒரு குலுக்கல் இருக்குமே, அது மட்டும்தான் இல்லை. வாசலில் நின்று, வளைவில் வண்டியின் வால் தெரிகிறதா என்று பார்த்தேன். பழக்க தோஷம், கையில் பச்சைக்கொடி இல்லாத குறைதான். மலை மேலே ஏறியதும் குளிர். கோமதி வைத்த ஸ்வெட்டரைக் கேலி செய்திருந்தேன், எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

சாப்பாடு பற்றி மதினி கேட்பாள். ஊகாலி என்று மக்காச்சோள மாவில் கிண்டுகிறார்கள், நம்ம களிதான், கொஞ்சம் கெட்டி. தொட்டுக்கொள்ள ம்சிச்சா என்று கீரை, வாயில் வைத்தால் தண்டுக்கீரையேதான். எல்லை தாண்டி சாம்பியா போனால் அதே களிக்கு ன்ஷிமா என்று பேர் மாறிவிடுகிறது, உருண்டை பிடிக்கிற விதம் மாறவில்லை. கசாமா பக்கம் காய்ந்த புழுவைக் கோப்பையில் அளந்து விற்றார்கள். மாணவன் ஒன்று நீட்டினான். நான் சைவம் என்றேன். முழுப் பொய். வீட்டில் வெள்ளாட்டங்கறி தின்கிறவன்தான், ஆனால் அந்த நேரத்தில் சைவமாகிவிட்டேன்.

மூன்றாம் நாள் கபிரி ம்போஷி, அங்கிருந்து பஸ்ஸில் லுசாகா, மறுநாள் இன்னொரு பஸ்ஸில் லிவிங்ஸ்டன். எல்லாம் விக்டோரியா அருவிக்காக. 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். டேவிட் லிவிங்ஸ்டன் 1855 நவம்பரில் பார்த்துத் தன் ராணி பேரை வைத்தார், அதற்கு முன்னாலேயே அந்த ஊர்க்காரர்கள் மோசி-ஓவா-துன்யா என்று வைத்திருந்தார்கள், இடி இடிக்கிற புகை. நான் போனது அக்டோபர். சீட்டு வாங்கி, மழைக்கோட்டு வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டேன், வாசலில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் கறுப்புப் பாறை. கண்ணுக்கு எட்டின வரைக்கும் செங்குத்தாகக் கறுப்புப் பாறை, அங்கங்கே நூல் மாதிரி தண்ணீர். சாம்பியா பக்கத்தில் அக்டோபர், நவம்பரில் இப்படித்தான் வற்றிவிடுமாம், தண்ணீர் நிற்காமல் விழுவது அக்கரையில் ஜிம்பாப்வே பக்கம். அதற்கு நான் விசா எடுக்கவில்லை.

சித்திரையில் குற்றாலத்துக்கு வந்து இறங்கி, வெறும் பாறையைப் பார்த்துவிட்டு "இதுதானா?" என்று கேட்பார்களே வடக்கத்தி ஆட்கள், நாம் எவ்வளவு சிரித்திருப்போம். அந்தச் சிரிப்பெல்லாம் சேர்த்து எனக்கு வந்து சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பபூன் குரங்கு என் பையைப் பிடுங்கி, முறுக்குப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பையைக் கீழே போட்டது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக முறித்துத் தின்கிறது. குற்றாலத்துக் குரங்காவது பயந்து ஓடும், இது என்னை முறைத்தது.

ஆனால் பாலம் ஏமாற்றவில்லை. எல்லை ஆபீசில் ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு, விசா இல்லாமலே பாலம் வரைக்கும் நடந்து போகலாம். 1905-ல் முடித்த பாலம், நம்ம செங்கோட்டை லைன் 1904. ஒரு வருஷம்தான் வித்தியாசம். இரும்பு முழுக்க இங்கிலாந்தில் செய்து கப்பலில் கொண்டுவந்து பூட்டியது. 198 மீட்டர் நீளம், கீழே ஆறு 128 மீட்டர் ஆழத்தில். ரயிலும் லாரியும் ஆளும் எல்லாம் அதில்தான். ரிவெட்டைக் கையால் தடவிப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நான் தண்டவாளத்தின் ஜாயிண்டை எண்ணிக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். தூரத்தில் ஜிம்பாப்வே பக்கம் கொஞ்சம் புகை தெரிந்தது, அது போதும் என்று திரும்பிவிட்டேன்.

இப்போது அந்த பஸ். திரும்பும்போது பஸ்ஸிலேயே வந்தேன். நகோண்டேயில் இறங்கி எல்லையைக் கடந்தால் டான்சானியா பக்கம் துண்டுமா. சாம்பியாவைவிட டான்சானியா ஒரு மணி நேரம் முன்னால், அதை மறக்காமல் என் எச்எம்டி வாட்சில் திருப்பி வைத்துக்கொண்டேன், பெருமையாக. தார் எஸ் சலாம் பஸ்ஸுக்குச் சீட்டு கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் "கெஷோ, சா கூமி ந ம்பிலி" என்றான். கெஷோ என்றால் நாளை. கூமி பத்து, ம்பிலி இரண்டு, பத்தும் இரண்டும் பன்னிரண்டு. பேத்தி இருபது வரைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள், எனக்கு ஒரே சந்தோஷம். பன்னிரண்டு என்று விரலைக் காட்டிக் கேட்டேன், ஆமாம் என்றான். கடைசியில் 'அசுபுஹி' என்று ஒரு வார்த்தையும் சொன்னான், அது எனக்குத் தெரியாத வார்த்தை, விட்டுவிட்டேன். காலை என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் நிதானமாகக் குளித்து, சாப்பிட்டு, நம்ம வழக்கப்படி ஒரு மணி நேரம் முன்னால், பதினொரு மணிக்குப் போய் நின்றேன். பஸ் ஸ்டாண்டே காலியாகக் கிடந்தது. தூரத்து பஸ் எல்லாம் விடியும்போதே போய்விடுமாம்.

ஓரத்தில் சாப்பாடு விற்கிற அம்மா ஒருத்தி, ஐம்பது வயது இருக்கும், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவள். என் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு "போலே, பாபு" என்றாள். போலே என்றால் பாவம் என்கிற மாதிரி, பாபு என்றால் தாத்தா. அப்புறம் என் கையைப் பிடித்து வாட்சைத் தன் பக்கம் திருப்பினாள். மாவு ஒட்டின நகத்தை ஆறு மேலே வைத்தாள், அங்கிருந்து நேராக மேலே இழுத்துப் பன்னிரண்டில் நிறுத்தினாள். ஏழில் வைத்தாள், எதிரே ஒன்றில் நிறுத்தினாள். அவ்வளவுதான். இவர்கள் சுவாஹிலியில் மணி சொன்னால் முள் காட்டுகிற எண்ணைச் சொல்வதில்லை, அதற்கு நேர் எதிரே இருக்கிற எண்ணைச் சொல்கிறார்கள். பூமத்திய ரேகைப் பக்கம் என்பதால் வருஷம் முழுக்க ஆறு மணிவாக்கில் விடிந்து ஆறு மணிவாக்கில் அடைகிறது, விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் மணி ஒன்று, உச்சி வெயிலில் மணி ஆறு. இதில் எனக்கு என்ன ஆத்திரம் என்றால், என் பாட்டி உதயத்திலிருந்து நாழிகை எண்ணினவள். வெயில் திண்ணையில் எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பார்த்து அடுப்பு மூட்டுவாள். அவளைக் கூட்டி வந்திருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பாள்.

அன்று பகல் முழுக்க அந்த அம்மா கடையில்தான். மாந்தாசி என்று பூரணம் வைக்காத சுய்யம் மாதிரி ஒன்று, ஏலக்காய் போட்டு எண்ணெயில் பொரிக்கிறாள், சூடாக நாலு தின்றேன். அவள் மாவை உருட்டினாள், நான் மணி சொல்லிப் பழகினேன். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் "இந்த பாபு ரயில்காரர்" என்று சொல்லியிருப்பாள் போல, ஒவ்வொருத்தரும் வந்து மணி கேட்டார்கள். சரியாகச் சொன்னால் கைதட்டல். லாரி டிரைவர் ஒருவர் வேண்டுமென்றே இரண்டு தடவை வந்து கேட்டார். கிளம்பும்போது காசு வாங்க மறுத்தாள், பேத்திக்கு என்று சொல்லி நான்கு மாந்தாசியைப் பேப்பரில் கட்டியும் கொடுத்தாள். புதுச் சீட்டு வாங்கி, மறுநாள் விடிகாலை நான்கரைக்கே போய் நின்றேன். அவளும் வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கும்பிடு மாதிரி ஏதோ செய்துவிட்டு மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள்.

மதினிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? பென்ஷன் விஷயமாக நீ எழுதிப் போட்ட மனு என்ன ஆயிற்று? வீட்டுக்குப் பின்னால் பலாவில் பிஞ்சு விட்டதா என்று எழுது, குரங்கு கதை மட்டும் எழுதாதே.

அடுத்த மாதம் சென்னை வந்து இறங்கி, பொதிகையில் ஏறுகிறேன். நாள் முடிவானதும் சொல்கிறேன். தென்காசிக்கு வந்து நில். எத்தனை மணிக்கு என்று மட்டும் என்னிடம் கேட்காதே, ஸ்டேஷன் போர்டில் பார்த்துக்கொள்.

உன்,
சுப்பையா