கதை தெரிந்தவர்களும் டிக்கெட் வாங்குகிறார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மேலைநாட்டு நாடக மேடை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பேர் பெற்ற நாவலையோ படத்தையோ நாடகமாக்கினால் ரசிகர் பட்டாளம் வந்து அரங்கை நிறைத்துவிடுகிறது, அவர்களுக்கு வேண்டியது நாடகம் அல்ல, பிடித்த காட்சிகளை இன்னொரு முறை பார்ப்பதுதான் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது 'லெட் த ரைட் ஒன் இன்'. ரத்தக்காட்டேரிக் காதலைப் பார்த்து உருகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று அதன் ரசிகர்களை ஒரே வரியில் முடித்துவிட்டார். நானும் அந்த ரசிகர்களில் ஒருத்தி. ஐம்பது வயது தாண்டியவள். மான்செஸ்டரில் இருக்கிறேன். அந்த நாடகத்தை லண்டனிலும் பார்த்தேன், இங்கேயும் பார்த்தேன்.

கதை தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஸ்வீடிஷ் நாவலாகவும் பிறகு ஸ்வீடிஷ் படமாகவும் வந்த கதை இது. ஸ்டாக்ஹோம் நகரத்தை ஒட்டிய பிளாக்கபெர்க் என்ற குடியிருப்பு, 1981ஆம் வருடக் குளிர்காலம். ஆஸ்கர் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் பள்ளியில் தினமும் அடி வாங்குகிறான். பக்கத்து வீட்டுக்கு ஏலி என்ற பிள்ளை குடிவருகிறது. பனியில் வெறுங்காலோடு நடக்கிறது. அதற்கும் வயது பன்னிரண்டுதான், ஆனால் வெகுகாலமாகப் பன்னிரண்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவரைத் தட்டித் தட்டி இருவரும் மோர்ஸ் குறியீட்டில் பேசிக்கொள்கிறார்கள். ஏலியோடு ஹோக்கன் என்ற வயதான ஆள் இருக்கிறார். ஏலிக்காக ஆட்களைக் கொன்று ரத்தம் பிடித்து வருவது அவர் வேலை. இதில் உருகுவதற்கு என்ன இருக்கிறது என்று கட்டுரையாளரைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் தேசிய நாடகக் குழு இதை 2013இல் டண்டியில் முதன்முதலாக மேடையேற்றியது. தனக்கென்று ஒரு அரங்கக் கட்டடமே இல்லாத குழு அது. எழுதியவர் ஜாக் தோர்ன், இயக்கியவர் ஜான் டிஃபனி. அந்த வருடக் கடைசியில் லண்டன் ராயல் கோர்ட் அரங்குக்கு வந்தது. அப்புறம் 2014 மார்ச்சில் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் உள்ள அப்பல்லோவுக்குப் போனது. அப்பல்லோவில் அதற்கு முந்தைய டிசம்பர் 19ஆம் தேதி வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தபோது கூரைப்பூச்சு பெயர்ந்து விழுந்து ஏறத்தாழ 80 பேர் காயம்பட்டிருந்தார்கள். பழுது பார்த்துத் திரும்பத் திறந்தபோது முதலில் ஏறிய நாடகம் இதுதான். நான் போன அன்று இருக்கையில் உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள்.

மேடை முழுக்கப் பனி, உயரமான பிர்ச் மரங்கள். வீடு, பள்ளிக்கூடம், மிட்டாய்க் கடை எல்லாமே அந்தக் காட்டுக்குள்தான். ஒரு கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தால் அது ஆஸ்கரின் அறை. பேர்களெல்லாம் ஸ்வீடன் பேர்கள், பேச்சு மட்டும் ஸ்காட்லாந்துப் பேச்சு. இடைவேளையில் ஐஸ்கிரீம் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவர் இதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடன் குளிருக்கு இந்தப் பேச்சு ஒட்டவில்லை என்றார் ஒருவர். கிளாஸ்கோ அடுக்குமாடியில் வளர்ந்த எனக்கு இதுதான் பிளாக்கபெர்க் என்றார் மற்றவர். ஐஸ்கிரீம் டப்பாவின் மூடிக்குள் இருக்கும் குட்டிக் கரண்டியை எடுக்கக்கூட மறந்து பேசினார்கள். பிடித்த காட்சியைத் திரும்பப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

கதை தெரிந்தவர்களுக்கு எதிர்பார்ப்பு இருக்காது என்கிறார் கட்டுரையாளர். நீச்சல் குளக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். படம் பார்த்த அத்தனை பேருக்கும் அது வரப்போகிறது என்று தெரியும். ஆஸ்கரின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கிறார்கள். படத்தில் கேமரா தண்ணீருக்கு அடியிலேயே நிற்கும், மேலே நடப்பது நமக்குத் தெரியாது. மேடையில் கேமரா ஏது? எப்படிச் செய்யப்போகிறார்கள் என்ற கேள்வியோடுதான் அன்று பாதி அரங்கம் உட்கார்ந்திருந்தது. கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர், அதற்குள் அந்த நடிகர். அவர் முகம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. குமிழிகள் குறைந்துகொண்டே வருகின்றன. படத்தில் பார்க்கும்போது அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு தைரியம் இருக்கும். இங்கே மூச்சுப் பிடித்துக்கொண்டு கிடப்பது நிஜ ஆள். கதை தெரிந்த எனக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் அதனால் பயம் ஒன்றும் குறையவில்லை.

ஏலியாக நடித்த ரெபெக்கா பென்சனைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் ஏலியின் உடல் ஒரு சிறுமியுடையது, குரல் இன்னொருவருடையது; வேண்டுமென்றே டப்பிங் செய்தார்கள். மேடையில் அந்த வசதி கிடையாது. பென்சன் இரண்டையும் தானே செய்ய வேண்டியிருந்தது. வார்த்தைகளைத் தனித்தனியாக எடுத்து வைப்பது போல ஒரு பேச்சு, மரத்தில் ஏறும்போது மட்டும் மனிதப்பிள்ளை இல்லை என்று காட்டும் ஒரு வேகம். யாராவது அழைத்தால்தான் ரத்தக்காட்டேரி ஒரு வீட்டுக்குள் வரலாம். அழைக்காமல் வந்தால் என்ன ஆகும் என்று ஆஸ்கர் கேலியாகக் கேட்க, ஏலி உள்ளே வந்து நின்று ரத்தமாக ஒழுகும் காட்சியில் கைகால் நடுக்கத்தைத் தவிர அவர் வேறு எதுவும் செய்யவில்லை.

2022இல் மான்செஸ்டர் ராயல் எக்ஸ்சேஞ்ச் வேறொரு தயாரிப்பாக இதை எடுத்தது. பருத்தி வியாபாரம் நடந்த மாபெரும் கூடத்துக்குள், தூண்களில் தொங்கவிட்ட எஃகும் கண்ணாடியும் கொண்ட அரங்கம் அது. கூடத்தின் மேலே கடைசி நாள் பருத்தி விலைப் பலகையை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆலை ஊரிலிருந்து வந்த எனக்கு நாடகத்தைவிட அதைப் பார்க்கத்தான் முதலில் கால் போகும். சரி, அது வேறு கதை. அங்கே மேடை நடுவில், ஆட்கள் சுற்றிலும். நடிகர்களைத் தாண்டி எதிர்ப்பக்க ரசிகர்களின் முகமும் நமக்குத் தெரியும். யாருக்குக் கதை தெரியும், யாருக்குத் தெரியாது என்று எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஹோக்கன் வந்தாலே முகம் இறுகியவர்கள் தெரிந்தவர்கள். எனக்கு நேரெதிரே ஒரு பெண் ரத்தம் வருவதற்குச் சற்று முன்பே தோழியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தோழி ஏன் என்று கேட்டுத் திரும்புவதற்குள் வந்துவிட்டது. இடையில் செல்பேசியைத் துழாவியவர்களும் இரண்டொருவர் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்த ரசிகர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதற்குக் காரணம் முடிவுதான். ஆஸ்கர் ரயிலில் போகிறான், பக்கத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஏலி. இது காதல் கைகூடிய முடிவா, அல்லது ஹோக்கனின் இடத்துக்கு ஏலி தேடிக்கொண்ட அடுத்த ஆளா? இன்று மட்டும் அந்தப் பையனைப் பார்க்காதே என்று படத்தில் ஹோக்கன் கெஞ்சுவார். அதைக் கேட்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் போகவே போகாது. இதே கதையை வைத்து 2010இல் வந்த அமெரிக்கப் படம் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டி, அந்த வயதான ஆளும் ஒரு காலத்தில் இப்படி வந்த பையன்தான் என்று போட்டு உடைத்தது. நாவலாசிரியர் லிண்ட்க்விஸ்ட் அப்படி நினைத்து எழுதவில்லை. தன் மனத்தில் இருந்த முடிவைச் சொல்ல அப்புறம் ஒரு சிறுகதையே எழுதினார். ஆசிரியரே சொன்ன பிறகும் வழக்கு தீரவில்லை. ஒவ்வொரு மேடையேற்றமும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கத்தான் நாங்கள் போகிறோம். லண்டனில் பார்த்தபோது எனக்கு ஹோக்கன் மேல் பரிதாபம் கூடியது, ரயில் காட்சியில் கைதட்ட மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் அழுதுகொண்டே கைதட்டினார்.

ரசிகர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்பதும் தவறு. ஆன் ரைஸின் ரத்தக்காட்டேரி நாவல்களுக்கு உலகம் முழுக்க வாசகர்கள் உண்டு. எல்டன் ஜான் இசையில் அவை 'லெஸ்டாட்' என்ற பேரில் 2006இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளுக்கு வந்தபோது 39 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். வியன்னாவில் 1997இல் தொடங்கிச் சக்கைப்போடு போட்ட இன்னொரு ரத்தக்காட்டேரி இசை நாடகத்தை அடையாளம் தெரியாமல் மாற்றி பிராட்வேக்குக் கொண்டுபோனபோது அதுவும் 56 காட்சிகள்தான். அதே சமயம் தோர்னும் டிஃபனியும் 2016இல் ஹாரி பாட்டர் நாடகத்தையே கையில் எடுத்தார்கள். அதைவிடக் கறாரான ரசிகர் கூட்டம் எங்கே இருக்கிறது?

கட்டுரையில் இரண்டு விஷயங்களைத் திருத்த வேண்டும். நாடகத்துக்கு மூலம் அமெரிக்கப் படம் என்று வந்திருக்கிறது. மூலம் 2004இல் வந்த ஸ்வீடிஷ் நாவல். அதிலிருந்து 2008இல் தோமஸ் ஆல்ஃப்ரெட்சன் எடுத்த ஸ்வீடிஷ் படத்துக்கு லிண்ட்க்விஸ்டே திரைக்கதை எழுதினார். இரண்டாவது, குடும்பத்தோடு பார்க்கலாம் என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கதைதான், ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான கதை இல்லை. முதல் காட்சியிலேயே காட்டுக்குள் ஒருவரைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். அந்த வரியை நம்பி யாரும் குழந்தைகளுக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
மான்செஸ்டர்