பெயரிடப்படாத அந்தப் பொத்தானுக்கு ஒரு பெயர் இடுங்கள்

விடுதி அறை முன்பதிவுச் செயலிகளையும் இணையதளங்களையும் நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் பிறவியிலேயே பார்வையற்றவன். மதுரை பழங்காநத்தத்தில் குடியிருக்கிறேன். 17 ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானைக் கொண்டு உங்கள் செயலிகளை இயக்க நாங்கள் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். எங்களில் பலர் எழுதிய மின்னஞ்சல்கள் உங்களிடமே இருக்கின்றன. எனவே 2025 சித்திரைத் திருவிழாவின்போது நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

மீனாட்சி திருக்கல்யாணத்தைக் காண வேண்டும் என்பது திருநெல்வேலியில் இருக்கும் என் கல்லூரி நண்பரின் நெடுநாள் ஆசை. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டதால் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. என் வீடு இரண்டாம் மாடியில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் இருப்பதால், டவுன் ஹால் ரோட்டில் ஒரு விடுதியில் அவருக்கு அறை எடுக்க ஏப்ரல் இறுதியில் செயலியைத் திறந்தேன். நாட்காட்டியில் அடுத்த மாதத்துக்குச் செல்லும் இடத்தில் திரைவாசிப்பான் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்றது. அழுத்தினேன். எந்த ஓசையும் இல்லை. அழுத்தம் பதியவில்லை என்று எண்ணி மீண்டும் அழுத்தினேன். பிறகு ‘7’ என்று கேட்டது; மாதத்தின் பெயர் கேட்கவில்லை. தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டினேன். உறுதிச்சீட்டு ஒரு படமாக வந்ததால் திரைவாசிப்பானால் அதைப் படிக்க முடியவில்லை, குறுஞ்செய்தியில் பதிவு எண் மட்டும் இருந்தது. நான் பதிவு செய்திருந்தது ஜூன் 7 என்பது, மே 7 இரவு பத்தரை மணிக்கு விடுதியின் வரவேற்பு மேசையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

திருக்கல்யாணத்துக்கு முந்தைய இரவில் மதுரையில் அறை கிடைக்குமா? நான்கு விடுதிகளில் கேட்டுவிட்டு ரயில் நிலையத்துக்கே திரும்பினோம். விடியும்வரை அவர் தம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உணர்வற்ற உடம்பைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். அவருக்கும் வந்தது, ஆற மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவர் என்னை ஒரு சொல் குறை கூறவில்லை என்பதுதான் எனக்குத் தாளவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தேதியைச் சரிபார்ப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று பதில் வந்தது. அடுத்த முறை கண் தெரிந்த ஒருவரை வைத்துப் பதிவு செய்யுங்கள் என்ற அறிவுரையும் அதோடு வந்தது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி எச்சரிக்கிறது; நீங்களோ என் அட்டை எண்ணையும் ஓடிபியையும் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைக்கச் சொல்கிறீர்கள். நாற்பத்தைந்து வயதில் என் சம்பளத்தில் ஓர் அறை எடுக்க எனக்கு ஏன் இன்னொருவர் வேண்டும்?

நான் கேட்பது சலுகை அன்று. பார்வையற்ற ஒருவர் பிறர் துணையின்றித் தொடக்கம் முதல் பணம் கட்டும்வரை பதிவை முடிக்கும்படி உங்கள் செயலியை அமையுங்கள். அந்தப் பொத்தானுக்கு ‘அடுத்த மாதம்’ என்று பெயர் இடுங்கள்; மாதம் மாறியதும் திரைவாசிப்பான் அதை அறிவிக்கட்டும்; தேதியைத் தட்டச்சு செய்ய ஒரு கட்டம் இருக்கட்டும்; உறுதிச்சீட்டு எழுத்தாக வரட்டும். இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலக நெறிமுறைகள் 1999 முதலே இருக்கின்றன.

சட்டமும் உங்களுக்குப் புதிதன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, தனியார் சேவை நிறுவனங்களுக்கும் சேர்த்தே, அணுகல் விதிகளின்படி சேவை வழங்க, அவ்விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து இரண்டாண்டு கெடு விதித்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2019இல் முடிந்துவிட்டது. மின்னணு சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஏப்ரல் 30 அன்று. அதற்கு அடுத்த வாரம்தான் என் நண்பர் ரயில் நிலையத்தில் விடியலுக்குக் காத்திருந்தார்.

அவர் சார்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். ‘மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது’ என்ற குறியை நம்பிப் போன இடங்களில் வாசலில் மூன்று படிகள் இருந்திருக்கின்றன, 64 செ.மீ. அகலமுள்ள அவர் நாற்காலி குளியலறைக் கதவில் சிக்கி நின்றிருக்கிறது. கழிப்பறைக்குப் போக முடியாது என்று அஞ்சி மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்பவர் அவர். அமெரிக்காவில், அறையில் என்னென்ன அணுகல் வசதிகள் உண்டு என்பதை முன்பதிவின்போதே விடுதிகள் விவரமாகச் சொல்ல வேண்டும் என்ற விதி 2012 முதல் நடப்பில் உள்ளது. இங்கும் கதவின் அகலத்தையும் படிகளின் எண்ணிக்கையையும் விடுதிகளிடம் கேட்டு வாங்கி எழுத்தில் வெளியிடுவது உங்களால் முடியாத காரியமா?

கோபம் சற்று மிகுந்துவிட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த சித்திரைக்கு அவர் மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கான அறையை நானே, யாருடைய கண்ணையும் கடன் வாங்காமல், சரியான மாதத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் இந்தத் திருத்தங்களைச் செய்து முடித்து, அவற்றை ஒரு பார்வையற்றவரைக் கொண்டு சோதித்து, எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்பதை எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பார்வையற்ற ஆசிரியர் ஒருவர்,
பழங்காநத்தம், மதுரை.