தட்டச்சுக் கடை அக்காவுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புடையீர்,

கூவம் கரையில் எங்கள் தெருக்களிலிருந்து எங்களை அப்புறப்படுத்த முனைந்ததையும், அதை எதிர்த்து நாங்கள் உயர் நீதிமன்றம் போனதையும் நீங்கள் அறிவீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. மறு கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்ற இடைக்கால உத்தரவின் நகல் கைக்கு வந்த பிறகு, நேற்றிரவுதான் எங்களில் பலர் கட்டி வைத்திருந்த மூட்டைகளைப் பிரித்துவிட்டுத் தூங்கினார்கள். நெஞ்சில் அந்த ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று, குடியிருப்போர் சங்கத்துப் பெண்கள் சார்பில் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, இந்த மடலில் தன் பெயர் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்ட ஒருவருக்கு. பாரிமுனையில் தம்புச் செட்டித் தெருவை ஒட்டிய சந்தில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் அவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். வழக்கறிஞர் எழுதிக் கொடுத்ததை அடித்துத் தந்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வதோடு அவர் வேலை முடிந்துவிடும். உயர் நீதிமன்றத்துக்குப் போகும் எங்கள் உறுதிமொழிப் பத்திரங்களோ ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது என்று அடியில் ஒரு வரி வரும். அவசரத்தில் அது வெறும் வரியாகவே நின்றுவிடுவதும் உண்டு. அக்கா அந்த வரியை அடிப்பதற்கு முன் எங்களை ஒவ்வொருவராக ஸ்டூலில் உட்காரவைத்து, பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லி, "இது உங்களுக்கு நடந்ததுதானா, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டார்.

சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையில் மீன் ஆய்ந்து கொடுக்கும் ஆயா ஒருவரின் பத்திரத்தில், தொழில் 'கூலி' என்று இருந்தது. "நான் எங்க கூலிக்குப் போனேன்? அருவாமனை என்னுது, உக்கார்ற எடம் என்னுது" என்றார் ஆயா. அக்கா அடிப்பதை நிறுத்திவிட்டு வழக்கறிஞருக்குப் போன் போட்டார். விடியுமுன் சந்தையில் இருக்க வேண்டியவர், ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்திலுள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டால் அந்த இடத்தையும் வாடிக்கையையும் இழப்பார் என்று ஒரு பத்தி சேர்ந்தது. பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-ல் சொன்னது மனுவில் முன்பே இருந்தது. அது எங்களில் யாரைப் பற்றியது என்பது அந்தப் பத்தியால்தான் விளங்கியது. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றுவதை அதே தீர்ப்பு தடுக்கவில்லை என்பதையும் வழக்கறிஞர் எங்களிடம் மறைக்கவில்லை.

பழைய எண், புதிய எண் என்று வீட்டுக்கு இரண்டு கதவு எண் இருக்கும் ஊர் இது. குடும்ப அட்டையில் ஒன்றும் மின் கட்டண ரசீதில் மற்றொன்றுமாக இருந்ததைக் கவனித்து, இரண்டும் ஒரே வீடுதான் என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னவரும் அக்காதான். படித்துக் காட்டிய நேரத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கையெழுத்துப் போடறவங்களுக்குத் தெரியணுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம் என்ற 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எங்களுக்காக வாதாட வந்த வழக்கறிஞருக்கும், 1971-ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டத்தின்கீழ் சென்னையில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் எங்களுடையதும் உண்டா என்று பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கக் கற்றுக்கொடுத்த சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், முன்பே இப்படி அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் பஸ் ஏறி வந்து தங்கள் அனுபவத்தை ஒளிக்காமல் சொன்ன அக்கா தங்கைகளுக்கும், நீதிமன்ற நாட்களில் எங்கள் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்த ஆட்டோ அண்ணன்களுக்கும் எங்கள் நன்றி.

சட்ட விழிப்புணர்வு முகாம்கள் எங்கள் பகுதியில் பல நடந்திருக்கின்றன. பந்தல் போட்டு, துண்டறிக்கை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் பத்திரத்தை நாங்களே காதால் கேட்டபோது புரிந்த அளவுக்கு, அங்கே எதுவும் புரிந்ததில்லை. அதற்கு முன் எத்தனையோ மனுக்களில், யார் நீட்டினாலும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்து வந்திருக்கிறோம்.

இனி படித்துக் காட்டாமல் எவரிடமும் எந்தத் தாளிலும் கையொப்பம் வாங்குவதில்லை என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம்; தேர்தல் நேரத்து மனுக்களுக்கும் இது பொருந்தும். மறு கணக்கெடுப்பு தொடங்கும்வரை ஞாயிறு மாலைகளில் எங்கள் ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்திருப்போம். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் என எந்தக் கரையிலிருந்து வந்தாலும் சரி, குடும்ப அட்டையையும் மின் ரசீதையும் அசலாகக் கொண்டு வாருங்கள். பெயரையும் கதவு எண்ணையும் ஒத்துப் பார்த்து, எழுத வேண்டியதை எழுதி, படித்துக் காட்டித் தருகிறோம்.

நன்றியுடன்,
குடியிருப்போர் சங்கத்துப் பெண்கள்,
கூவம் கரை, சென்னை