ஸ்கேன் நார்மல், நினைவு நார்மலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொப்பூர் கணவாயிலும் நெடுஞ்சாலையிலும் தலையில் அடிபடுவோரில் பலரை, சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்றதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உடனே அறுவை சிகிச்சை வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அடிபட்ட மளிகைக்கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்கத் தடுமாறுவது ஸ்கேனில் தெரியாது.

அதைக் காட்டுவது நினைவு, கவனச் சோதனைகள். எண் வரிசைச் சோதனைக்குக் கருவியே வேண்டாம். '7, 2, 9' என்றால் '9, 2, 7' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். நேராக 6 எண் சொல்பவர் தலைகீழாக 2 எண்ணோடு நின்றுவிட்டால் விடாமல் மேலும் சோதிக்க வேண்டும். சோதிப்பவர் வினாடிக்கு ஓர் எண், ஒரே குரலில் சொல்ல வேண்டும். போன் நம்பர் போல இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொன்னால் சோதனை கெட்டது.

மொழியும் முக்கியம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோர் ஏராளம். அவர்களிடம் தமிழ்ச் சொற்பட்டியலை ஒப்பிக்கச் சொல்லி மதிப்பெண் குறைந்தால், குறை மூளையிலா, மொழியிலா? பள்ளிக்கே போகாதவரிடம் எழுத்துகளைக் கோடிட்டு இணைக்கும் தாளை நீட்டுவதும் அநியாயம்.

தலைத்தோலில் எலக்ட்ரோடுகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை இ.இ.ஜி. அதைக் கெடுப்பவற்றில் ஒன்று தேங்காய் எண்ணெய். எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை 5 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும். எண்ணெய்த் தலையில் அது இறங்காது. முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் தடவாமல் வர வேண்டும். தூங்காமல் கண்ணை மட்டும் மூடினால் பின்தலையில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் ஆல்பா அலை வரும். அடிபட்டபின் அதைவிட மெதுவான அலைகள் கூடலாம். ஆனால் கண் சிமிட்டினாலும் முன்தலையில் மெதுவான அலை போலவே பதியும். தூக்கக் கலக்கமும் அப்படித்தான் ஏமாற்றும். மண்டை ஓட்டில் எலும்பு எடுத்த இடத்தில் அலை பெரிதாகத் தெரிவது இயல்பு. வலிப்பு மாத்திரையும் பதிவை மாற்றும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பெயர், அளவு, கடைசியாகப் போட்ட நேரம் எழுதிக் கொடுத்தால் போதும். இ.இ.ஜி. நார்மல் என்பதை மட்டும் வைத்து 'காயமே இல்லை' என்று யாருக்கும் சான்று தரக் கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை வேண்டுகிறோம்: டிஸ்சார்ஜ் சீட்டில், சுயநினைவின் அளவைக் காட்டும் கிளாஸ்கோ மதிப்பெண்ணைக் கண், பேச்சு, அசைவு எனத் தனித்தனியாக எழுதுங்கள். நடப்பதை விட்டுவிடாமல் நினைவில் வைக்கும் தொடர் நினைவு, அடிபட்டு எத்தனை மணி நேரத்தில் திரும்பியது என்பதையும் குறியுங்கள். ஒரு மாதம் கழித்து, அவரவர் வீட்டு மொழியில் நினைவுச் சோதனைக்குத் தேதியும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
நரம்பு உளவியல் சோதனைப் பணியாளர்கள்,
தருமபுரி.